டேட்டாபேஸை நிறுத்தாமல் வெர்ஷன் மாற்றுவது எப்படி: டெல்டாவின் சிறு டீம்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காவிரிக்கு ஓய்வுக்காலம் உண்டு. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28ல் மூடி ஜூன் 12ல் திறப்பார்கள். இடையில் வரும் மாதங்களில் டெல்டா முழுக்க வாய்க்கால் தூர்வாருவது, மதகு பழுதுபார்ப்பது, கரையைப் பலப்படுத்துவது எல்லாம் நடக்கும். அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லின் கணக்கைத் தாங்கும் டேட்டாபேஸுக்கு அப்படி ஒரு காலம் கிடையாது. ஆறு வறண்டு கிடக்கும் பிப்ரவரி, மார்ச்சில்தான் சம்பா, தாளடி அறுவடை முடிந்து மூட்டைகள் வந்து குவியும். டேட்டாபேஸுக்கு உச்ச வேலையே அப்போதுதான்.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று டெல்டா ஊர்களில் மூன்று பேர், நான்கு பேர் சேர்ந்து இப்படிப்பட்ட மென்பொருளை நடத்தும் டீம்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எடை போடுவது, ஈரப்பதம் பதிவது, ஆலைக்கு அனுப்புவது, விவசாயியின் வங்கிக் கணக்குக்குப் பணம் போடுவது என்று எல்லாம் ஒரே க்ளஸ்டரில், அதாவது சேர்ந்து ஒரே டேட்டாபேஸாக இயங்கும் சில சர்வர்களில் ஓடும். பெரிய நிறுவனத்தில் இதற்கென்று தனிக் குழு இருக்கும். நம்மிடம் இல்லை. அதனால் திட்டம்தான் நமக்குத் துணை. அந்தத் திட்டத்தின் மையம் ஒரே கேள்வி: இந்தப் படியில் ஏதாவது கெட்டால் பழைய வெர்ஷனுக்குத் திரும்ப முடியுமா? ஒவ்வொரு படிக்கும் எதிரே இதற்கு விடை எழுதியிருந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

1. எவ்வளவு தடுமாற்றத்தைத் தாங்கலாம் என்று எழுதிக்கொள்ளுங்கள்

நிறுத்தமே இல்லாத அப்கிரேடு என்றாலும் சில விநாடித் தயக்கம் வரும். ஒரு நோடை (க்ளஸ்டரில் உள்ள ஒரு சர்வரை) இறக்கும்போது அதில் இருந்த லீடர் பொறுப்பு, அதாவது எழுதும் கோரிக்கைகளை ஏற்று வழிநடத்தும் வேலை, வேறு நோடுக்கு மாற வேண்டும். மாங்கோடிபி என்ற டேட்டாபேஸில் இயல்புநிலை அமைப்புகளை மாற்றாமல் விட்டிருந்தால் புதிய பிரைமரியைத் (அதன் லீடரைத்) தேர்ந்தெடுக்க ஆகும் நேரம் பொதுவாக 12 விநாடிக்குள் இருக்கும் என்று அதன் ஆவணம் சொல்கிறது. நாமே முறையாகப் பொறுப்பை மாற்றிவிட்டால் இதைவிடச் சீக்கிரம் முடியும். எடை மேடையில் நிற்பவருக்குத் திரையில் மூன்று விநாடி வட்டம் சுற்றினால் பிரச்சினை இல்லை. பிழைச் செய்தி வந்து அவர் திரும்பவும் பதிவு செய்தால் அது பிரச்சினை. ஆக எழுத வேண்டியது இரண்டு எண்கள்: ஒரு கோரிக்கை அதிகபட்சம் எத்தனை விநாடி காத்திருக்கலாம், ஒரு மணி நேரத்தில் எத்தனை கோரிக்கை தோற்கலாம். பிறகு ஆப்பில் இருக்கும் டைம்அவுட் (பதிலுக்காகக் காத்திருக்கும் நேர வரம்பு) முதல் எண்ணைவிடப் பெரியதாக இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் இருக்காது.

2. பெரும்பான்மைக் கணக்கைப் போடுங்கள்

ஒரு தரவின் மூன்று நகல்கள் மூன்று நோடுகளில் இருந்தால், எழுதுவதற்கு இரண்டு நோடுகள் சம்மதிக்க வேண்டும். ஐந்து நகல் என்றால் மூன்று. இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அப்கிரேடு நேரத்தில் அதன் அர்த்தம் மாறிவிடும். மூன்றில் ஒன்றை நீங்களே இறக்கியிருக்கும்போது மீதம் இருக்கும் இரண்டில் ஒன்று டிஸ்க் கெட்டு விழுந்தால் தரவு எழுதுவது நின்றுபோகும். ஆக மூன்று நகல் க்ளஸ்டரில் அப்கிரேடு நடக்கும் அந்தச் சில மணி நேரம் பாதுகாப்பு வேலியே இல்லாமல் நிற்கிறீர்கள்.

பணம் சம்பந்தப்பட்ட டேபிள்களுக்கு ஐந்து நகல் வைப்பது செலவுக்குத் தகுந்த காரியம் என்பது என் கருத்து. எல்லாவற்றுக்கும் வேண்டாம். காக்ரோச்டிபி என்ற டேட்டாபேஸ் தன்னுடைய உள் அமைப்புத் தரவை அப்படித்தான் வைத்துக்கொள்கிறது: சாதாரணத் தரவுக்கு 3, முக்கியமான உள் தரவுக்கு 5. ஐந்துக்கு வசதியில்லை என்றால் அப்கிரேடு வாரத்துக்கு மட்டும் பழைய வெர்ஷனிலேயே ஒரு நோடைக் கூடுதலாகச் சேர்த்து, அதில் தரவு முழுதாக நிரம்பிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். மாங்கோடிபியில் இப்படிச் செய்தால் ஓட்டுரிமை எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நான்கு ஓட்டு இருந்தாலும் ஒரே ஒரு இழப்பைத்தான் தாங்கும்.

3. நாள் குறிப்பது

டெல்டாவில் இது தொழில்நுட்ப முடிவு மட்டும் இல்லை. குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் வரும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நிற்கும். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. அதற்கு முந்தைய வாரம் இ-சேவை மையங்கள் நிரம்பி வழியும், பயிர் விவரம் கேட்டு உங்கள் சர்வரைத் தட்டுவோரும் அப்போது அதிகம். அடுத்த நாள், 2018 நவம்பர் 16 அதிகாலையில்தான் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. பொங்கல் கழிந்ததும் கொள்முதல் உச்சம் தொடங்கும்.

இதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது மே முதல் ஆகஸ்ட் வரை. பெரிய வெர்ஷன் மாற்றத்தை இந்த நான்கு மாதங்களுக்குள் முடித்துவிடுங்கள். வேறு மாதத்தில் அவசரப் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் அதே வெர்ஷன் வரிசைக்குள் இருக்கும் சிறு திருத்தத்தை மட்டும் போடுங்கள்.

வாரத்தில் செவ்வாய் அல்லது புதன். நேரம் காலை 6 மணி. நள்ளிரவில் செய்யும் வழக்கத்தை விட்டுவிடச் சொல்வேன்; தூக்கக் கலக்கத்தில் எடுக்கும் முடிவு தப்பாகப் போகும், உதவிக்குக் கூப்பிடவும் ஆள் இருக்காது. காலையில் தொடங்கினால் அன்றைய வேலை மெல்ல ஏறும்போது புதிய நோடு அதை எப்படித் தாங்குகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

இன்னொன்று. உங்கள் பகுதித் துணைமின் நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்தத் தேதி என்று செய்தித்தாளில் பார்த்துவிடுங்கள். க்ளஸ்டர் மும்பையிலோ ஹைதராபாத்திலோ இருக்கலாம். கட்டளை கொடுப்பவர் கும்பகோணத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மடிக்கணினியில் இருந்து நேராகக் கட்டளை ஓடினால் இணைப்பு போகும் நொடியில் ஒரு நோடு பாதியில் நிற்கும். ஆகவே எல்லாக் கட்டளைகளும் க்ளவுடுக்குள்ளேயே இருக்கும் ஒரு சின்ன சர்வரில், இணைப்பு போனாலும் சாகாத டீமக்ஸ் செஷனில் ஓடட்டும். இரண்டாவது ஆள் வேறு ஊரில், வேறு இணைய நிறுவனத்தின் இணைப்பில் இருக்கட்டும். அவரும் அதே செஷனைத் திறந்து பார்க்க முடிய வேண்டும்.

4. எந்த வெர்ஷனுக்குப் போவது

புது வரிசையின் முதல் வெளியீட்டுக்குப் போக வேண்டாம். எட்சிடி என்ற டேட்டாபேஸின் 3.5.0 வந்தது 2021ல். 3.5.0 முதல் 3.5.2 வரை, அதிகச் சுமையில் ப்ராசஸ் திடீரென்று கொல்லப்பட்டால் நோடுகளுக்கிடையே தரவு ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகக்கூடிய கோளாறு இருந்தது. 2022ல்தான் அது வெளியே தெரிந்து 3.5.3ல் சரிசெய்யப்பட்டது. பல சர்வர்களில் மென்பொருளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸின் அடித்தளமாக உலகமெங்கும் ஓடும் மென்பொருளுக்கே இந்த நிலை. சில திருத்தங்கள் வந்து, வெளியீட்டுக் குறிப்புகளில் தரவுச் சேதம் பற்றிய பேச்சு அடங்கிய பிறகு ஏறுங்கள்.

படி தாண்டவும் கூடாது. மாங்கோடிபி 5.0ல் இருப்பவர் 7.0க்குப் போக 6.0ல் இறங்கித்தான் போக வேண்டும். எட்சிடியும் ஒவ்வொரு வரிசையாகத்தான் ஏறும். இடையில் வரும் ஒவ்வொரு வெர்ஷனின் குறிப்பையும் முழுதாகப் படியுங்கள். "நீக்கப்பட்டது", "இயல்புநிலை மாற்றப்பட்டது" என்ற பொருளில் வரும் வரிகளை ஒரு தாளில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே "நம்மைத் தொடும், தொடாது" என்று எழுதுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் டீமில் மிகவும் அனுபவம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை இதுவே.

கூடவே ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் மாற்றிவிடலாம் என்ற ஆசை வரும். தவிர்த்துவிடுங்கள். 2018ல் வந்த, லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.28 எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறையையே மாற்றியது. அதற்கு முன் கட்டிய போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் இண்டெக்ஸ்கள் (தேடலுக்கான வரிசைப் பட்டியல்கள்), ஆபரேட்டிங் சிஸ்டம் மாறியதும் சத்தமில்லாமல் தவறான விடை தரத் தொடங்கின. இரண்டையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் பழி எதன்மேல் என்று கண்டுபிடிக்கவே வாரம் ஓடிவிடும்.

5. திரும்பும் வழி எங்கே மூடுகிறது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் இரண்டு முறை படிப்பதென்றால் இதைப் படியுங்கள். புதிய மென்பொருளை நோடுகளில் போடுவதும், தரவின் வடிவத்தைப் புதியதாக மாற்றுவதும் தனித்தனி வேலைகள். முதலாவதைப் பெரும்பாலும் திருப்பிப் போடலாம். இரண்டாவதைத் திருப்ப முடியாது. சில டேட்டாபேஸ்கள் இந்த இரண்டுக்கும் நடுவே நமக்கு ஒரு கதவு வைத்திருக்கின்றன, சில வைக்கவில்லை.

காக்ரோச்டிபியில் கதவு இருக்கிறது, ஆனால் திறந்து வைக்க வேண்டியது நீங்கள். தரமிறக்கத்தைப் பாதுகாக்கும் க்ளஸ்டர் அமைப்பில் இப்போதைய வெர்ஷனை முன்கூட்டியே பதிந்துவிட வேண்டும். பதியாமல் விட்டால் கடைசி நோடும் புது வெர்ஷனில் எழுந்த பிறகு க்ளஸ்டர் தானாகவே ஃபைனலைஸ் ஆகிவிடும், அதாவது தரவு வடிவமும் புதியதற்கு மாறிவிடும். அப்புறம் பழைய வெர்ஷனைப் போட்டால் எழாது.

மாங்கோடிபியில் அந்தக் கதவு, அம்சப் பொருத்த வெர்ஷன் என்ற அமைப்பு. எல்லா நோடுகளும் 7.0ல் ஓடலாம், அந்த அமைப்பு 6.0லேயே நிற்கலாம். நீங்கள் கட்டளை கொடுக்கும் வரை அது தானாக மாறாது.

கசாண்ட்ரா என்ற டேட்டாபேஸில் நீண்ட காலம் அப்படி ஒரு கதவே இல்லை. புதிய வெர்ஷனில் எழுந்த நோடு டிஸ்க்கில் எழுதும் கோப்புகள் புதிய வடிவத்தில் இருக்கும்; பழைய மென்பொருளால் அவற்றைப் படிக்க முடியாது. நோடை இறக்குவதற்கு முன் எடுத்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்துத் தரவின் பிரதி) மட்டுமே திரும்பும் வழி. அதற்குப் பிறகு அந்த நோடுக்கு வந்த எழுத்துகளை மற்ற நகல்களில் இருந்து ரிப்பேர் (நகல்களை ஒப்பிட்டுச் சரிசெய்யும் வேலை) மூலம் திரும்பப் பெற வேண்டும். 5.0 வெர்ஷனில்தான் பழைய சேமிப்பு வடிவத்திலேயே எழுதச் சொல்லும் பொருத்த அமைப்பு வந்தது. எட்சிடியில் எல்லா உறுப்பினர்களும் மேலேறும் வரை க்ளஸ்டர் பழைய வெர்ஷனாகவே நடந்துகொள்ளும், கடைசி உறுப்பினர் ஏறியதும் தானாக மாறிவிடும். டைடிபி என்ற டேட்டாபேஸின் ஆவணமோ அப்கிரேடுக்குப் பிறகு பழைய வெர்ஷனுக்குத் திரும்புவதற்கு ஆதரவில்லை என்றே சொல்கிறது.

உங்கள் டேட்டாபேஸ் இதில் எந்த வகை என்று தெரிந்ததும் திட்டத் தாளில் ஒரு தடித்த கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே இருக்கும் படிகளில் கெட்டால் திரும்புவோம். கீழே இருப்பவற்றில் கெட்டால் முன்னோக்கித் திருத்துவோம், இல்லாவிட்டால் பேக்கப்பில் இருந்து மீட்போம். கோட்டைத் தாண்ட யார் அனுமதி தர வேண்டும் என்று ஒரே ஒருவரின் பெயரையும் எழுதுங்கள்.

6. பேக்கப்

எடுத்தால் போதாது, மீட்டுப் பார்க்க வேண்டும். தனி க்ளஸ்டரில், பழைய வெர்ஷனில் மீட்டு, ஆன நேரத்தைக் கடிகாரம் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரம் ஆகிறது என்றால் கோட்டுக்குக் கீழே விபத்து நடந்தால் எடை மேடை ஆறு மணி நேரம் காகிதத்தில் ஓட வேண்டும் என்று அர்த்தம். அதை மேலாளரிடம் முன்னதாகவே சொல்லிவிடுவது நியாயம்.

7. ஆப்பையும் ஸ்கீமாவையும் தயார் செய்வது

பல டீம்கள் முழுக் கவனத்தையும் நோடுகளில் வைத்துவிட்டு இந்தப் பக்கத்தை விட்டுவிடுகின்றன. நம் ஊரில் பிழைகள் அதிகம் பிறக்கும் இடம் இதுதான்.

முதலில் மறுமுயற்சி. நோடு இறங்கும் நேரத்தில் ஆப் அனுப்பிய பதிவு ஏறியிருக்கலாம். பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்திருக்கலாம். ஆப்புக்கு அது தெரியாது, திரும்ப அனுப்பும். 40 கிலோ மூட்டைகள் இரண்டாம் முறையும் பதிவாகி, ஒரே நெல்லுக்கு இரண்டு பட்டியல் உருவாகும். அந்தக் குழப்பம் கடைசியில் விழுவது விவசாயியின் தலையில்தான். சரிபார்த்து முடிக்கும் வரை அவருக்குப் பணம் நிற்கும். எனவே ஒவ்வொரு எடைப் பதிவுக்கும் அது பிறக்கும் இடத்திலேயே, அதாவது எடை மேடைக் கருவியிலேயே, ஒரு தனி எண் போடுங்கள். டேட்டாபேஸில் அந்த எண் தனித்துவமாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் வையுங்கள். அதற்குப் பிறகு எத்தனை முறை அனுப்பினாலும் ஒரு முறைதான் ஏறும். இது இல்லாத மென்பொருளில் நிறுத்தமில்லா அப்கிரேடைத் தொடங்கவே வேண்டாம், முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

அடுத்து கனெக்‌ஷன் பூல், அதாவது ஆப் திறந்து வைத்திருக்கும் டேட்டாபேஸ் இணைப்புகளின் தொகுப்பு. நோடு திரும்ப எழுந்த பிறகும் ஆப் அதை மறந்துபோய் மற்ற இரண்டையே பிடித்துக்கொண்டிருக்கும். கனெக்‌ஷனுக்கு ஆயுள் வரம்பு வைத்தால் அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ளும். டிரைவர் (ஆப்பை டேட்டாபேஸோடு இணைக்கும் மென்பொருள்) வெர்ஷன் பழைய டேட்டாபேஸ், புதிய டேட்டாபேஸ் இரண்டோடும் பேசுமா என்று பாருங்கள். பேசாது என்றால் டிரைவரை மட்டும் தனியாக, இரண்டு வாரம் முன்னதாகவே மாற்றிவிடுங்கள்.

ஸ்கீமா (டேபிள்களின் அமைப்பு) மாற்றத்தை அப்கிரேடோடு சேர்க்கக் கூடாது. கசாண்ட்ராவில் இரண்டு வெர்ஷன்கள் கலந்து ஓடும்போது ஸ்கீமா மாற்றம், ரிப்பேர், புது நோடு சேர்ப்பது மூன்றுமே ஆகாது. டைடிபியும் அப்கிரேடு நேரத்தில் டேபிள் அமைப்பை மாற்றாதே என்கிறது. தேவையான மாற்றத்தை முன்பே விரித்து வையுங்கள்: டேபிளில் புது நெடுவரிசையைச் சேர்ப்பது, இரண்டிலும் எழுதுவது, பழைய தரவை நகர்த்துவது, புதியதில் இருந்து படிப்பது. பழைய நெடுவரிசையை நீக்குவது எல்லாம் முடிந்த பிறகு.

எவ்வளவு நாள் கழித்து? இதற்கு டெல்டாவில் தனிக் கணக்கு வேண்டும். கிராமத்து மையத்தில் சிக்னல் போகும், வரும். நல்ல ஆப் என்றால் பதிவுகளைக் கைப்பேசியிலேயே அடுக்கி வைத்து இணைப்பு வந்ததும் அனுப்பும். அந்தக் கைப்பேசியில் மூன்று மாதப் பழைய ஆப் வெர்ஷன் இருக்கலாம். அது பழைய நெடுவரிசையின் பெயரைச் சொல்லித்தான் தரவை அனுப்பும். உங்கள் சர்வர்கள் எல்லாம் புதியதாகிவிட்டன என்பதால் பழைய நெடுவரிசையை நீக்கினால், கோடியக்கரைப் பக்கம் ஒரு கைப்பேசியில் அடுக்கியிருக்கும் பதிவுகள் அத்தனையும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். கடைசிக் கைப்பேசி எந்த வெர்ஷனில் கடைசியாகப் பேசியது என்று பதிந்து வையுங்கள். பழைய வெர்ஷனில் பேசும் கருவி ஒன்றுகூட இல்லை என்று தெரிந்த பிறகுதான் நீக்க வேண்டும்.

8. ஒத்திகை

மீட்ட பேக்கப்பையே ஒத்திகை க்ளஸ்டராக வைத்துக்கொள்ளுங்கள். நிஜச் சுமை போன்ற எழுத்தும் படிப்பும் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு நோடாக மேலேற்றுங்கள். பாதியில், வேண்டுமென்றே, இன்னொரு நோடைக் கொல்லுங்கள். என்ன நடக்கிறது என்று எல்லோரும் சேர்ந்து பாருங்கள். பிறகு முழுதாகப் பழைய வெர்ஷனுக்குத் திரும்புங்கள். அப்புறம் மறுபடி மேலேறுங்கள். ஏறுவதை மட்டும் ஒத்திகை பார்ப்பவர்கள் நிறைய பேர். இறங்குவதை ஒத்திகை பார்க்காவிட்டால் திரும்பும் வழி இருப்பதாக நாம் நம்புகிறோம், அவ்வளவுதான்.

உங்களிடம் ஓடும் மிகக் கனமான இருபது கேள்விகளை (டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் குவெரிகளை) எடுத்து, பழையதிலும் புதியதிலும் அவற்றின் செயல்திட்டத்தை ஒப்பிடுங்கள். அந்தத் திட்டத்தைத் தீர்மானிக்கும் ஆப்டிமைசர் மாறினால் நேற்று இண்டெக்ஸில் ஓடிய கேள்வி நாளை டேபிள் முழுவதையும் மேயும். மாவட்டவாரி தினசரிக் கூட்டுத்தொகை மாதிரியான அறிக்கைகளில்தான் இது முதலில் தெரியும்.

9. அப்கிரேடு நாள்

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை: எல்லா நோடுகளும் உயிரோடு இருக்கின்றன, நகல் குறைந்த தரவு பூஜ்யம், ஸ்கீமா வெர்ஷன் எல்லா நோடிலும் ஒன்றே, நகல்களின் பின்தங்கல் சில விநாடிக்குள், ஒவ்வொரு நோடிலும் தாராளமாக டிஸ்க் இடம், கடிகாரங்கள் ஒத்துப்போகின்றன. காக்ரோச்டிபியில் கடிகார வித்தியாசத்துக்கான இயல்பு வரம்பு 500 மில்லி விநாடி, அதன் அருகே போகும் நோடு தானே விழுந்துவிடும். பேக்கப், பெரிய அறிக்கை, தரவு நகர்த்தும் வேலை எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள். மாங்கோடிபி ஷார்டு க்ளஸ்டரில் (தரவைப் பகுதிகளாகப் பிரித்து வைப்பது) அந்தப் பகுதிகளைச் சமன்படுத்தும் பேலன்சரையும் நிறுத்த வேண்டும்.

வரிசை டேட்டாபேஸுக்குத் தக்கபடி மாறும். மாங்கோடிபியில் செகண்டரிகள் முதலில், பிரைமரியைப் பொறுப்பில் இருந்து இறக்கிவிட்டு அது கடைசியில். ஷார்டு செய்திருந்தால் கான்ஃபிக் சர்வர்கள், பிறகு ஷார்டுகள், கடைசியில் மாங்கோஸ் ரௌட்டர்கள். யூகாபைட் என்ற டேட்டாபேஸில் மாஸ்டர்கள் முதலில், டேப்லட் சர்வர்கள் பிறகு.

ஒரு நோடுக்கான சுற்று இப்படி. கோரிக்கைகளை நோடுகளுக்குப் பிரித்து அனுப்பும் லோடு பேலன்சரில் இருந்து எடுங்கள். டிரெயின் செய்யுங்கள், லீடர் பொறுப்புகள் வெளியேறி, ஓடிக்கொண்டிருக்கும் கோரிக்கைகள் முடியட்டும். லோடு பேலன்சர் எத்தனை விநாடிக்கு ஒரு முறை நலம் விசாரிக்கிறதோ அதைவிட டிரெயின் காத்திருப்பு அதிகமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செத்த நோடுக்கே கோரிக்கைகள் போகும். குபர்நெட்டீஸில் ஓட்டுபவர்கள் கவனிக்கவும்: பாட் (அதில் ஓடும் மென்பொருள் அலகு) மூடுவதற்குக் கொடுக்கும் இயல்பு அவகாசம் 30 விநாடிதான். டேட்டாபேஸ் டிரெயின் முடிய அது போதாது. ஐந்து நிமிடமாவது வையுங்கள். கசாண்ட்ரா என்றால் ஸ்னாப்ஷாட் எடுங்கள். ப்ராசஸை நிறுத்தி, புது வெர்ஷனைப் போட்டு, எழுப்புங்கள்.

இறங்கி ஏறும் இந்த இடைவெளிக்கு ஒரு வரம்பு இருக்கிறது. காக்ரோச்டிபி இயல்பாக 5 நிமிடம் பார்க்கும். அதற்குள் வராத நோடை இறந்ததாக எடுத்துக்கொண்டு அதன் தரவை மற்ற நோடுகளில் நகலெடுக்கத் தொடங்கிவிடும், தேவையில்லாத சுமை ஏறும். அதிக நேரம் ஆகும் என்று தெரிந்தால் அந்த அளவை முன்பே கூட்டுங்கள். கசாண்ட்ராவில் இல்லாத நோடுக்கான குறிப்புகளை (அதற்குப் போக வேண்டிய பதிவுகளை) மற்றவை இயல்பாக 3 மணி நேரம்தான் சேர்த்து வைக்கும். அதைத் தாண்டினால் ரிப்பேர் ஓட்டியாக வேண்டும், கலந்த நிலையில் அதுவும் முடியாது.

நோடு எழுந்துவிட்டது என்பதால் அடுத்ததற்குப் போகக் கூடாது. நகல் குறைந்த தரவு மீண்டும் பூஜ்யம் ஆகட்டும். கேஷ் காலியாக எழுந்திருப்பதால் முதலில் கொஞ்சம் மந்தமாக ஓடும். அந்த மந்தம் அடங்கட்டும். முதல் நோடுக்கு நான் ஒரு முழு வேலை நாள் கொடுப்பேன். அதில் புதிய வகைப் பிழைச் செய்தி எதுவும் லாகில் இல்லை என்று தெரிந்த பிறகு, மறுநாள் காலை மீதி நோடுகளைத் தொடர்ச்சியாக முடித்துவிடுங்கள். கலந்த வெர்ஷன் நிலையை வாரக்கணக்கில் இழுக்க வேண்டாம். எந்தத் தயாரிப்பாளரும் அதை நீண்ட நாள் ஓட்டுவதற்காகச் சோதிப்பதில்லை.

எப்போது நிறுத்துவது என்பதையும் முன்பே எண்ணாக எழுதுங்கள். உதாரணத்துக்கு: மிக மெதுவான ஒரு சதவீதக் கோரிக்கைகளின் நேரம் போன வாரம் இதே மணிக்கு இருந்ததைப்போல இரண்டு மடங்காகி 15 நிமிடம் நீடித்தால் அடுத்த நோடைத் தொடக்கூடாது. 30 நிமிடம் நீடித்தால் திரும்ப வேண்டும். அந்த நேரத்தில் விவாதம் நடத்தக் கூடாது. எண் சொன்னபடி செய்யுங்கள். மூத்தவர் "இன்னும் ஒரு நோடுதானே, முடிச்சிடலாம்" என்று சொன்னாலும் சரி.

10. ஃபைனலைஸ் செய்யும் முன் காத்திருப்பு

எல்லா நோடுகளும் புது மென்பொருளில், தரவு வடிவம் இன்னும் பழையதில். கதவு உள்ள டேட்டாபேஸ்களில் இந்த நிலையில் எத்தனை நாள் நிற்கலாம்? நாள் கணக்கைவிட வேலைக் கணக்கு பாருங்கள். உங்கள் அமைப்பில் மிகக் கனமான வேலை எதுவோ அது ஒரு முறையாவது ஓடி முடிய வேண்டும். வாராந்திரப் பணப்பட்டுவாடா, மாத முடிவு இருப்புச் சரிபார்ப்பு, முழு பேக்கப், பேக்கப்பில் இருந்து ஒரு மீட்பு. மாத முடிவு இதில் இருப்பதால் மாதத்தின் மூன்றாம் வாரத்தில் அப்கிரேடைத் தொடங்கினால் காத்திருப்பு வீணாக நீளாது. மே, ஜூனில் சுமை குறைவு என்பதால் அறுவடைக்கால அளவுக்குச் செயற்கைச் சுமையை ஒத்திகை க்ளஸ்டரில் ஒரு நாள் ஓட்டுங்கள்.

இந்த நாட்களில் புதிய வெர்ஷனின் புதிய வசதி எதையும் ஆப்பில் பயன்படுத்தக் கூடாது என்று டீமுக்கு எழுத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒருவர் பயன்படுத்திவிட்டால் திரும்பும் வழி அவரோடு மூடிவிடும்.

11. கோட்டைத் தாண்டுவதும் அதற்குப் பிறகும்

அனுமதி தருபவர் தாளைப் பார்த்து ஒப்புதல் கொடுத்ததும், தாண்டுவதற்குச் சற்று முன் இன்னொரு முழு பேக்கப் எடுங்கள். காக்ரோச்டிபியில் தரமிறக்கப் பாதுகாப்பை விடுவியுங்கள்; மாங்கோடிபியில் அம்சப் பொருத்த வெர்ஷனை உயர்த்துங்கள். இதையும் காலையில், ஆட்கள் இருக்கும்போதே செய்யுங்கள். பின்னணியில் தரவை மாற்றும் வேலைகள் ஓடும், சில மணி நேரம் டிஸ்க்கும் சிபியூவும் சூடாக இருக்கும்.

கசாண்ட்ராவில் எல்லா நோடுகளும் ஏறிய பிறகு பழைய வடிவக் கோப்புகளைப் புதியதாக எழுதும் வேலையை நோடு நோடாக ஓட்ட வேண்டும். பெரிய கோப்புகளைத் திரும்ப எழுதத் தற்காலிகமாகக் கூடுதல் இடம் தேவைப்படும் என்பதால் டிஸ்க்கைக் கவனியுங்கள். அது முடிந்ததும் ரிப்பேர். அழித்த தரவின் அடையாளங்களை கசாண்ட்ரா இயல்பாக 10 நாள்தான் வைத்திருக்கும், அதற்குள் ரிப்பேர் ஒரு சுற்று முடியாவிட்டால் அழித்த பதிவுகள் உயிர்த்தெழ வாய்ப்புண்டு. அப்கிரேடுக்காக ரிப்பேரை நிறுத்தி வைத்திருந்த நாட்களையும் இந்தப் பத்துக்குள் எண்ணிக்கொள்ள வேண்டும்.

நிறுத்தி வைத்த பேலன்சர், பேக்கப் அட்டவணை, எச்சரிக்கை மணிகள் ஒவ்வொன்றையும் தாளைப் பார்த்துத் திரும்ப இயக்குங்கள். கூடுதலாகச் சேர்த்த நோடை, க்ளஸ்டர் ஒரு வாரம் அமைதியாக ஓடிய பிறகு முறையாக விலக்குங்கள். கசாண்ட்ரா ஸ்னாப்ஷாட்களை இரண்டு வாரம் கழித்து அழியுங்கள், இல்லாவிட்டால் அவையே டிஸ்க்கை நிரப்பும். ஒவ்வொரு நோடுக்கும் ஆன உண்மையான நேரத்தை அந்தத் தாளிலேயே எழுதி, குறுவை நெல் வரத் தொடங்கும் முன் டீம் முழுவதும் பார்க்கும் இடத்தில் போட்டு வையுங்கள்.